பொணம் அண்ணாச்சியின் பெருவிரல்

தூத்துக்குடியில் இதுவரை செத்தவர்களிலேயே நன்றாகப் பழகிவிட்டுச் செத்தவர் பொணம் அண்ணாச்சிதான். மற்றவர்கள் எல்லாம் ஒத்திகை பார்க்காமல் திடுதிப்பென்று சாகிறார்கள். அண்ணாச்சி அப்படியில்லை. கோயில் கொடைத் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, துறைமுகத் தொழிலாளர் கூட்டம் என்று மேடை போட்ட இடத்தில் எல்லாம் செத்தார்.

துறைமுகம் போகிற சாலையில் அவருக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில்தான் எங்கள் நாடக ஒத்திகை. லாரிக்காரர்கள் வாங்காமல் விட்ட தார்ப்பாய்தான் திரை. மழை வந்தால் நாங்கள் நனைவோம், திரை நனையாது. குழுவுக்கு நல்ல பெயராக ஒன்று வைத்திருந்தோம். ஊர் அதைச் சட்டை செய்யாமல் 'பொணம் செட்டு' என்றே கூப்பிட்டது. நாடகம் எழுதி, இயக்கி, கடைசியில் சாவது அண்ணாச்சி. மற்ற எல்லாவற்றையும் செய்வது அவர் மனைவி, எங்கள் மதினி. வசனம் மறந்தவனுக்குத் திரை ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது, கோபித்துக்கொண்டு போனவனை வீடு தேடிப் போய் இழுத்து வருவது எல்லாம் அவர்தான்.

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு எப்போதும் டாக்டர் வேஷம். கறை படாத வெள்ளைச் சட்டை குழுவில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "கைய மீறிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் என் கலை வாழ்க்கை.

ஒருமுறை வாக்காளர் விழிப்புணர்வு நாடகம் போடச் சொன்னார்கள். ஒத்திகை பார்க்க வந்த அதிகாரி வெலவெலத்துப் போனார்.

"ஏங்க, இதுல நீங்க ஏன் சாகுறீங்க?"

"ஓட்டுப் போட்டுட்டுத்தான் சார் சாவுதேன். கடமைய முடிச்சிட்டு."

"ஓட்டுப் போட்டா செத்துருவோம்னு ஜனங்க நினைச்சிட மாட்டாங்களா?"

"அப்போ வரிசையில நிக்கும்போதே செத்துரட்டா?"

அதிகாரி வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போய்விட்டார்.

இவ்வளவு செத்தும் அண்ணாச்சிக்கு ஒழுங்காகச் சாக வரவில்லை. அதுதான் கொடுமை. வெள்ளை வேட்டியைப் போர்த்தி, மகளாக நடிப்பவள் மாரில் அடித்துக்கொண்டு அழும்போது, வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய வலது கால் பெருவிரல் மெல்ல ஆட ஆரம்பிக்கும். அது ஆடுவது அவருக்கே தெரியாது. பக்கத்தில் உள்ள புதுக்கோட்டை ஊர்க் கொடையில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏலே, பொணம் தாளம் போடுது பாருங்கலே!" என்று கத்திவிட்டார். கூட்டம் சிரித்துப் புரண்டது. அழுதுகொண்டிருந்த மகளும் சிரித்தாள். யாரோ செல்போனில் அதைப் படம் பிடிக்க, மறுநாளே அந்தப் பெருவிரல் ஊரெல்லாம் சுற்றியது. அதிலிருந்து கூட்டம் பெருவிரலைப் பார்க்கவே வந்தது.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். அண்ணாச்சி நொறுங்கிப் போனார். "ஒரு தடவையாவது நான் செத்ததுக்குச் சனம் அழணும்லே," என்றார் என்னிடம். "வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவ."

அன்றிலிருந்து சாவு வீடு ஒன்றையும் விடவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் கணக்கே இல்லை. நேராகப் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பார். நாசரேத்தில் ஒரு வாத்தியார் இறந்த வீட்டில் இவரைப் பால்ய சிநேகிதர் என்று நினைத்து, ஜெபம் முடிந்ததும் நாலு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்கள். "என்ன ஒரு அமைதி! நானும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன், எனக்கு வரலியே!" என்று தழுதழுத்தார். அந்த வீட்டுக்காரர்கள் உருகிப்போய் அவரைச் சாப்பிட வைத்து அனுப்பினார்கள்.

மதினிதான் சுலபமான வழி சொன்னார். "கட நெறையக் கயிறு கெடக்கு. நெசப் பொணத்துக்குக் கட்டுத மாதிரி ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டிட்டா சோலி முடிஞ்சிது."

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "ஏளா, கட்டுன விரலு ஆடாமக் கெடந்தா அது கயித்தோட தெறமை. என் தெறமை எங்கனளா இருக்கு?"

அப்புறம் உண்மையான டாக்டர் வந்து சேர்ந்தார். அண்ணாச்சிக்கு நெஞ்சில் ஏதோ கட்டி, முற்றிவிட்டது என்று திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூடப் போனவன் நான்தான். வெளியே வந்ததும் அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார். "அந்த ஆளு கண்ணாடியக் கழட்டவே இல்லலே. நீ எவ்வளவோ தேவலை." எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் ஒதுங்கிப் போய் அழுதேன்.

எங்கள் தெரு அம்மன் கொடை வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தவர் நாடகம் போட்டே தீருவேன் என்று நின்றார்.

"பேசாமப் படுத்துக் கெடங்க," என்றார் மதினி.

"படுக்கத்தானளா போறேன். அதை மேடையில படுக்கேன்."

அன்றைக்கு நான் நாடி பிடித்தபோது கை குச்சியாக இருந்தது. எத்தனையோ மேடையில் சொன்ன ஒற்றை வரி வாயில் வரவில்லை. மதினி திரை ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் குரலும் சரியாக இல்லை. "கைய மீறிப் போச்சு" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினேன். வேட்டியைப் போர்த்தினார்கள். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெருவிரலுக்காகக் காத்திருந்தது.

விரல் ஆடவில்லை.

மகள் அழுது முடித்தாள், மகன் அழுது முடித்தான், அப்போதும் ஆடவில்லை. தூக்கிய செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள். அது பரவி, எங்கள் தெருவே மூக்கை உறிஞ்சியது. அண்ணாச்சி ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மதினி வசனத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு மேடைக்குள் ஓடி வந்தார். "என்னங்க! ஐயோ, என்னங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பொணம் ஒரு கண்ணைத் திறந்தது. "கெடுத்துட்டியேளா, பாவி! நல்லாத்தானளா செத்துக்கிட்டிருந்தேன்!"

தலைக்கு மேலே மைக் தொங்கியது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது.

"விரலு ஆடலியே! நான் என்னத்தக் கண்டேன்?" என்று மதினி அவர் நெஞ்சிலேயே குத்திக் குத்தி அழுதார். அண்ணாச்சி சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணாச்சி மதினியிடம் கறாராகச் சொன்னார்: "அடுத்த தடவ நீ குறுக்க வரப்பிடாது."

"வரமாட்டேன், போதுமா?" என்றார் மதினி.

அடுத்த தடவை அந்த மாதத்திலேயே வந்துவிட்டது. நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒருவர் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"கட்டாதிய," என்றார் மதினி. "கயித்தோட தெறமைம்பாவ."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தூரத்தில் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரும்படி நான் கூப்பிட்டபோது மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "குறுக்க வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன் தம்பி."

தெருவே அழுதது. தார்ப்பாய் வாங்குகிற லாரிக்காரர்கள் வாசலில் நின்று அழுதார்கள். புதுக்கோட்டையில் சிரித்தவர்களும் வந்து அழுதார்கள். அவர் கேட்டது மிச்சமில்லாமல் கிடைத்தது. நான் மட்டும் கால்மாட்டில் நின்றுகொண்டு, ஆடித் தொலைங்க அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை ஆடித் தொலைங்க என்று அந்தப் பெருவிரலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.