சருகுவாரிக்குத் தப்பி ஏக்நேஸ் போன கதை

கர்ர்ர்... கர்ர்ர்...

கண்ணைத் திறப்பதற்கு முன்பே அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரளைக் கல்லில் சருகு வாரும் இரும்பு வாரி இழுபடும் சத்தம். எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஸ்வீடனின் மால்மோ நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஏக்நேஸ் என்ற இந்தக் கடற்கரை ஊருக்கு ஓடிவந்தேனோ, அதே சத்தம்!

விஷயம் இதுதான். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை பொதுச் சுத்தம். முப்பத்திரண்டு வீட்டாரும் வாரியும் கையுமாக முற்றத்தில் இறங்க வேண்டும். வராதவனை யாரும் திட்ட மாட்டார்கள். அதுதான் கொடுமை. அடுத்த ஆறு மாதமும் லிஃப்டில் ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்லியே கொல்வார்கள்.

நான் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவன். ஊர் எழும்போது படுக்கிறவன். காலை ஒன்பது மணி எனக்கு நடுச்சாமம். ஆகவே இந்த வசந்தத்தில் தீர்மானம் செய்தேன்: சுத்தம் செய்யும் நாளில் நான் ஊரிலேயே இருக்கப்போவதில்லை. ஆனால் சும்மா ஓடினால் என் மனைவி உல்ரிகா மோப்பம் பிடித்துவிடுவாள். பொய்க்குக் கொஞ்சம் தேன் தடவினேன்.

"உல்ரிகா, பதினோரு வருஷமா நான் வர்றப்ப நீ கிளம்புற, நீ வர்றப்ப நான் கிளம்புறேன். நாம பேசிக்கிறதே ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற சீட்டுலதான். ஒரே ஒரு நாள் காலையில உன்கூட உக்காந்து காப்பி குடிக்கணும்னு ஆசையா இருக்கு. ஏக்நேஸ் போவோமா?"

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்னைக்கு?"

"ஏப்ரல் கடைசி சனிக்கிழமை."

காலண்டரை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "சரி" என்றாள். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இதோ, அந்தச் சனிக்கிழமை. முந்தின நாளே வந்து தங்கிய விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தேன். ஐஸ்கிரீம் கடை பூட்டு, ஓட்டல் பூட்டு. கடற்காகங்கள் மட்டும் வேலைக்கு வந்திருந்தன. கீழே, விடுதிக்காரப் பாட்டியம்மா மைவோர் முற்றத்துச் சருகை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு வாரியோடு உல்ரிகா!

"துரை எழுந்தாச்சா? காப்பி ஆறுது, இறங்கி வா."

கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை வெயில் அவள் முகத்தில் விழுந்தது. காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது? ஃபிரிட்ஜ் சீட்டில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? நான் பொய்யாகச் சொன்ன ஆசை, என்னைக் கேட்காமலே மெய்யாகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"உல்ரிகா, ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நம்ம கட்டடத்துல..."

"பொதுச் சுத்தம். நோட்டீஸ் ஒட்டினதே நான்தானே."

"தெரிஞ்சேவா வந்த?"

அவள் என் கோப்பையை நிரப்பினாள். "பதினோரு வருஷத்துல நீ என்கிட்ட கேட்ட நல்ல விஷயம் அது ஒண்ணுதான். பொய்தான்னு தெரிஞ்சது. இருந்தாலும் விட மனசு வரல."

காப்பியை ஒரு வாய் குடித்தேன். "சங்கத்துல என்ன நினைப்பாங்க?"

"இன்னைக்கு அங்க ஒருத்தரும் வாரியத் தொடல. கூட்டத்துல எழுந்து சொன்னேன்: ‘பதினோரு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரர் என்கூடக் காலைக் காப்பி குடிக்கணும்ங்கிறாரு.’ தேதிய மாத்த முப்பத்திரண்டு வீடும் கை தூக்கிருச்சு. தலைவர் லென்னார்ட் கண்ணத் துடைச்சுக்கிட்டாரு. புது நோட்டீஸும் ஒட்டியாச்சு. நீ படிக்கிறது ஃபிரிட்ஜ் கதவ மட்டும்தானே?"

ஒரு வாரமாக லிஃப்டில் ஆளாளுக்கு என்னைப் பார்த்துச் சிரித்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

"புது நோட்டீஸ்ல என்ன இருக்கு?"

"அடுத்த சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. வாரிக்காரங்களுக்கு நீதான் தலைவர். ஏகமனதா."

சுவரோரம் நின்ற மைவோர் தன் வாரியை என் பக்கம் நீட்டினார். "தம்பி, அப்போ இங்கயே கொஞ்சம் பழகிக்கோங்க."

உல்ரிகா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். விட்ட இடத்திலிருந்து வாரத் தொடங்கினாள். நான் அவளுக்கு அடுத்த வரிசையைப் பிடித்துக்கொண்டேன்.

கர்ர்ர்...