தோணாக் கரையில் மூன்று குழிகள்

சாய்ந்தமருது,
17.08.1980

அன்புள்ள மச்சான் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உங்கள் மூத்த சகோதரி கைருன்னிஸா ராத்தாவும் ஆடுகளும் நலம். கொழும்பில் நீங்களும் உங்கள் ஹோட்டல் முதலாளியும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். முதலாளிக்கான துஆவில் கொஞ்சம் அவசரமும் உண்டு. இங்கிருந்து புறப்பட்டபோது அவர் காலில் ஒரு சப்பாத்துத்தான் இருந்தது.

சூறாவளி தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன எங்கள் கடற்கரைக் காணி சும்மா கிடக்கிறது, அதில் கொல்ஃப் மைதானம் போட்டால் பக்கத்தில் ஹோட்டலும் வரும், நீங்களும் மனேஜராக ஊருக்கு வந்துவிடலாம் என்று எழுதினீர்கள். நல்லது. ஆனால் அதற்குப் படம் வரைய மச்சான் மீராசாவை விட்டால் இலங்கையில் ஆளில்லை என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அது என்ன நியாயம்? நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வரைந்து பென்சன் எடுத்தவன். கொல்ஃபை நீங்கள் அனுப்பிய கலண்டர் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பச்சைப் புல், நடுவில் ஒரு கொடி, கொடிக்கடியில் ஒரு குழி, குழியைப் பார்த்துக் கவலைப்படும் ஒரு மனிதர். பதினெட்டுக் குழி வேண்டும் என்றீர்கள். அளவுப்படி வரைந்தால் ஐந்தாவது குழி பள்ளிவாசல் மதிலுக்குள் போனது, பத்தாவது சந்தைக்குள் போனது, பதினெட்டாவது நாவிதன்வெளியில் யாரோ விதைத்த வயலில் விழுந்தது. ஆகவே மூன்றாகக் குறைத்தேன். அந்த மூன்றையும் வடக்கிலிருந்து ஒருமுறை, தெற்கிலிருந்து ஒருமுறை, கடற்பக்கமிருந்து ஒருமுறை அடித்து, மறுகா முதலிலிருந்து இன்னொருமுறை தொடங்கினால் பதினெட்டு. இடமும் மிச்சம்.

முதலாளி காணிக்குள்ளால் ஓடும் தோணாவை மண்போட்டு நிரப்பச் சொல்லியிருந்தார். அதில்தான் எனக்குக் கோபம். ஊருக்குள் விழும் மழைத் தண்ணீர் முழுதும் அந்த ஓடையால்தான் கடலுக்குப் போகிறது. அதை மூடினால் மார்கழியில் உங்கள் ராத்தா அடுப்படியிலேயே மீன் பிடிக்கலாம். தோணாவைத் தொடமாட்டேன், பந்து அதைத் தாண்டிப் போகட்டும், தாண்டாவிட்டால் அடித்தவர் இறங்கி எடுக்கட்டும் என்று படத்தில் நீல மையால் எழுதினேன். புல்லுக்கு ஊற்ற இந்த வெயிலில் எந்தக் கிணற்றில் தண்ணீர்? தானாகப் படரும் அடம்பன் கொடியே போதும், அதை வெட்ட இயந்திரமும் வேண்டாம், ஆடுகள் மேயும் என்றும் எழுதினேன். ஆடுகளோ அடம்பன் கொடியை விட்டுவிட்டு, மாதிரிக்கு நான் தோண்டிய குழியில் நட்டிருந்த கொடியைத் தின்றுவிட்டன. அது ராத்தாவின் பச்சைச் சேலையில் கிழித்தது. அந்தச் சண்டையை இங்கே எழுத இடம் போதாது.

அது அடங்குவதற்குள் கரைவலைக்கார அழகரெத்தினம் வந்து நின்றார்.

“மீராசாக் காக்கா, நீங்க கொடிக் கம்ப ஊண்டின இடத்திலதான் எங்கட வலை ஏறுற. இனி நாங்க எங்க வச்சி இழுக்கிற?”

“ஓம் தம்பி, வலை ஏறக்குள்ள ஆட்டத்த நிப்பாட்டச் சொல்றன்” என்றேன். அதையும் படத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமை முதலாளி விக்கிரமசூரிய மாத்தயா வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, ஒரு பை நிறையத் தடி. படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“மூணு குழிதானா?”

“அடிச்சிப் பாருங்க மாத்தயா.”

முதல் பந்து அழகாக உருண்டுபோய் ஒரு குழிக்குள் விழுந்தது. அவர் துள்ளினார், நானும் துள்ளினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அது நண்டு வளை! நான் மூன்று தோண்ட, நண்டுகள் அந்த வெளி முழுவதும் தோண்டி வைத்திருந்தன மச்சான். கைவிட்டுத் துழாவியவரின் விரலை நண்டு கவ்வியது. அப்போது அவர் சிங்களத்தில் சொன்னதை நான் எழுதமாட்டேன். இரண்டாவது பந்து தோணாவுக்குள். அதை எடுக்க இறங்கியபோதுதான் ஒரு சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது. மூன்றாவதைக் கோபத்தில் அடித்தார். அது பறந்துபோய், கரையேறிக்கொண்டிருந்த அழகரெத்தினத்தின் வலைக்குள் விழுந்தது.

“ஐயா, பந்து வேணுமெண்டா வந்து இழுங்க!” என்றார் அழகரெத்தினம்.

இழுத்தார் மச்சான்! காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, ஒற்றைச் சப்பாத்தோடு, அவர்கள் பாட்டுக்கு ஏலேலோ போட்டு இழுத்தார். நானும் சாரனை மடித்துக்கொண்டு இழுத்தேன். வலை நிறையக் கீரிமீன் துள்ளியது. பந்தைத் தேட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சுட்ட மீனைத் தின்றபடி மாத்தயா தோணாவில் நின்ற கொக்குகளையே பார்த்தார்.

“இத மூடச் சொன்னது நானா?”

“நீங்கதான் மாத்தயா.”

“மூட வாணாம். கொல்ஃபும் வாணாம். நாலு ஓலைக் கொட்டில் போதும். வாறவங்க வலை இழுக்கட்டும்.”

தோணா தப்பியதில் என் நெஞ்சு குளிர்ந்தது. என் படத்தில் அவர் மீன் சுற்றிக்கொண்டு போனதில் கொஞ்சம் எரிந்தது. இனிமேல் கொல்ஃப் என்ற சொல்லையே எனக்கு எழுதாதீர்கள். அந்தப் பைத்தியம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் உங்கள் மனைவி சுஹறாவுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத்தையும், யோசித்து வாய் திறக்கும் பழக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் மீராசா

பி.கு.: மாத்தயா ஒரு தடியையும் சில பந்துகளையும் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று காலை ஆடு விரட்ட அந்தத் தடியை எடுத்த ராத்தா, முக்காட்டை இறுக்கிக்கொண்டு பந்தொன்றுக்கு ஒரு போடு போட்டார். தோணாவைத் தாண்டி நேரே குழிக்குள்! நண்டு வளை அல்ல, நான் தோண்டிய குழி. “இஞ்ச பாருங்க, மூணு குழி காணாது. நாலாவத ஆட்டுப்பட்டிக்கு அங்கால தோண்டுங்க” என்கிறார். அழகரெத்தினத்தின் மனைவி வல்லியம்மையும் அடிக்கக் காத்து நிற்கிறார். நான் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பஸ்ஸில் பந்து அனுப்புங்கள், நிறைய. இன்னொரு தடியும் அனுப்புங்கள். இதை ராத்தா எனக்குத் தருகிறாரில்லை.