பல் நாற்காலிக்கு ஒரு ஆள்

"ஒரே ஒரு ஆள் போதும் டாக்டர். வாயைத் திறந்துகிட்டு நாற்காலியில உட்காரணும், அவ்வளவுதான்" என்றாள் வினார்த்தி.

"அந்த ஒரு ஆளைத்தான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து நானும் தேடிட்டிருக்கேன்" என்றாள் பல் டாக்டர் ரத்ரி.

கெடுங்சாரி சுகாதார நிலையத்தில் பல் பிரிவு என்றால் இந்த இரண்டு பேரும் ஒரு நாற்காலியும்தான். ஊரில் பல்வலி இல்லாமல் இல்லை. கிராம்பை வைத்து அழுத்துவார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார்கள், பல் தானாக விழும்வரை வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்து விழுவார்கள். டாக்டரிடம் மட்டும் வரமாட்டார்கள்.

மாவட்ட அதிகாரி ஹார்த்தோயோ இன்று ஆய்வுக்கு வருகிறார். நாற்காலி காலியாக இருந்தால் அதை நகரத்துக்குத் தூக்கிவிடுவார்கள், கூடவே டாக்டரையும். உதவியாளர் வினார்த்தியை எந்த நகரமும் கேட்கவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

எதிரே இருந்த சந்தைக்கு ஓடினாள். புளிக்கவைத்த சோயா வில்லை, டெம்பே, விற்கும் கஸிமானின் கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது. வினார்த்திக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணே, வாங்க. இலவசமாப் பார்க்கிறோம்!"

"இலவசமாவா? அப்ப என் வாயில தொழில் கத்துக்கப் போறீங்க."

"டாக்டரம்மா நல்லாப் படிச்சவங்கண்ணே."

"படிச்சவங்க எதுக்குச் சும்மா பார்க்கிறாங்க? நான் செத்தாலும் வரமாட்டேன், போ!"

பக்கத்தில் மிளகாய் விற்றவள் சும்மா இருப்பாளா? "அங்க பல்லைப் பிடுங்கினா கண்ணு அவிஞ்சிடுமாம். எங்க மச்சான் சொன்னாரு."

"உங்க மச்சான் போய் உட்கார்ந்து பார்த்தாரா?"

"அவருக்கென்ன பைத்தியமா?"

வினார்த்தி தலையில் அடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினாள். பாங்கு சொல்லும் மோதினார் சுகிர்மான் அப்போதுதான் வாசலைப் பெருக்கி முடித்திருந்தார்.

"பெரியவரே, மைக்கில ஒரு வார்த்தை சொல்லுங்க. பல் டாக்டர் ரத்ரி, சுகாதார நிலையம், எல்லாரும் உடனே வாங்க. அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய காரியம்? நீ போம்மா, நான் சொல்றேன்."

நல்ல மனிதர்தான். ஆனால் தொழுகை இல்லாத நேரத்தில் அவர் மைக்கைத் தொடுவது ஊரில் சாவு விழுந்தால் மட்டுமே. தொண்டையைச் செருமினார். பழகின பழக்கம், வாய் தானாகச் சாவுச் செய்திக்கு ஓதும் "இன்னாலில்லாஹி"யில் ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்ததை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"...பல் டாக்டர் ரத்ரி. சுகாதார நிலையம். எல்லாரும் உடனே வாங்க."

நடுத்தெருவில் வினார்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்து வந்து சேர்வதற்குள் ஊரே திரண்டிருந்தது. பெண்கள் துக்க வீட்டு வழக்கப்படி பேசினில் அரிசி கொண்டு வந்திருந்தார்கள். ஆண்கள் வாசலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பிணம் தூக்கும் சந்தூக்கையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"சின்னப் பொண்ணு! கல்யாணம்கூட ஆகல!" என்று மிளகாய்க்காரி மூக்கைச் சிந்தினாள். கஸிமான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்து, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தாள். "ஐயையோ, இவ்வளவு கூட்டமா! யாரு செத்துட்டாங்க?"

மிளகாய்க்காரியின் பேசின் கீழே விழுந்தது. "நீங்கதான் டாக்டரம்மா!"

வினார்த்தி கூட்டத்துக்குள் பாய்ந்தாள். "அவங்களுக்கு ஒண்ணுமில்ல! வந்தது வந்தீங்க, வரிசையா உட்காருங்க, பல்லைப் பார்த்துடலாம்!"

"செத்தவங்களைப் பார்க்க வந்தோம். உயிரோட இருக்கிறவங்ககிட்ட எங்களுக்கென்ன வேலை?" என்றார் ஒருவர். கண் மூடித் திறப்பதற்குள் வாசல் காலி. சந்தூக்குதான் முதலில் ஓடியது.

கஸிமான் மட்டும் ஓடவில்லை. செத்தவளை நேரில் பார்த்த அதிர்ச்சியில் படியிலேயே மயங்கிச் சரிந்திருந்தார். வாய் நன்றாகத் திறந்திருந்தது.

"காலைப் பிடிங்க டாக்டர்!"

"வினார்த்தி, இது சரியில்ல..."

"என் பொழைப்பு போனா அதுவும் சரியில்ல. பிடிங்க!"

இரண்டு பேருமாக அவரைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டதும் வாசலில் கார் ஹாரன் கேட்டது. வினார்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று காருக்கு ஓடினாள்.

"ஐயா, வாங்க! நாற்காலியில ஆள் இருக்காங்க, வந்து பாருங்க!"

பின் இருக்கையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்த அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர்தான் இறங்கி வந்து அவளை ஓரமாக அழைத்துப் போனான்.

"அக்கா, நாற்காலியைத் தூக்கச் சொல்லி போன வாரமே உத்தரவு போட்டாச்சு. ஆய்வுங்கிறதெல்லாம் சும்மா, ஐயாவுக்குப் பல்வலி தாங்கல. உங்க ஊர்ல மந்திரிச்சு சுவத்துல ஆணி அடிச்சே பல்வலியை எடுக்கிற வைத்தியர் இருக்காராமே, அவர் வீடு எந்தப் பக்கம்?"