சட்டையோடு ஒரு வேண்டுதல்

"இது பொம்பளைங்க குடிக்கிற மாத்திரையாச்சே தம்பி. யாருக்கு?"

பாமசியில் மருந்து கொடுக்கும் நூர்தீன் நானா கேட்டதும் சுமன் சுவெட்டரை இன்னும் இறுக்கி மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஆணழகன் போட்டி. சட்டையில்லாமல் மேடை ஏறவேண்டும். அதற்காக ஜிம் மாஸ்டர் லோஜன் போட்டுவிட்ட ஸ்டீரொயிட் ஊசியில் கை வீங்கியது, தோள் வீங்கியது, சந்தோஷம். பாழாய்ப்போன மார்பும் சேர்ந்து வீங்கிவிட்டது.

"ஊசி மருந்து உள்ள போயி கொஞ்சம் பொம்பள ஹோர்மோனா மாறிரும்டா. அத அடக்க மாத்திரை இருக்கு. என்னயப் பாரு, ஏதாச்சும் ஆச்சா?" என்று மாஸ்டர்தான் பெயர் எழுதிக் கொடுத்தார். ஹட்டனில் வாங்கினால் மானம் போகும் என்று கினிகத்தேனைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறான் நம்ம வீரன்.

"சம்சாரத்துக்கு நானா."

"புள்ள தங்கவா? நல்லது! ஆனா டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இல்லாம தரமாட்டேன்."

"அட முருகா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இருமல் மருந்துக்கு நின்றிருந்த மாமியார் வேலாயி! அவள் இருக்கும் தேயிலைத் தோட்டம் அந்தப் பக்கம்தான் என்பது இந்த மடையனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாத்திரை வரவில்லை. மாமியார் கூடவே வந்துவிட்டாள்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவன் வீட்டில், மனைவி பிரியந்தி கொதித்தாள். "எனக்கு மருந்தா? அப்ப நாலு வருசமா புள்ள இல்லாததுக்கு நாந்தான் காரணமா? அம்மா, நான் ஒன்னோடயே வந்துர்றேன்!"

பெட்டியைத் தூக்கியேவிட்டாள். சுமன் ஓடிப்போய் வாசலை மறித்தான். அவள் இல்லாமல் ஒரு நாள்கூட அவனால் இருக்க முடியாது.

"ஐயோ, கொற ஒங்கிட்ட இல்ல புள்ள, எங்கிட்டத்தான்!"

பெட்டி இறங்கியது. காம்பராவுக்குக் காம்பரா பேச்சுக் கேட்கும் லயத்துச் சுவரைப் பற்றித்தான் தெரியுமே. பொழுது சாய்வதற்குள் எல்லாக் காம்பராவும் "ஐயோ பாவம்" என்றது.

"அப்ப வேண்டுதலும் ஒங்களுக்குத்தான் மாப்ள. வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில சுத்தி உருண்டுருங்க" என்றாள் வேலாயி.

வெள்ளிக்கிழமை. ஈர வேட்டி, மேலே சுவெட்டர். தோட்டமே வேடிக்கை பார்க்க நின்றது.

"அம்மனுக்கு முன்னால என்ன சுவெட்டர்? கழட்டுங்க மாப்ள!"

"காய்ச்சல் அத்த, குளிருது."

"வேர்த்து ஊத்துது, என்ன குளிரு? தூங்கறப்பவும் இத கழட்டறதில்ல!" என்று பிரியந்தி ஒரு பக்கம் இழுக்க, அவன் மறுபக்கம் இழுக்க, மேல் பட்டன் தெறித்தது.

பூசாரி பொன்னையாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"விடும்மா, அதோடயே உருளட்டும்! போன வாரம் அந்த ஜிம் மாஸ்டர் லோஜனும் புள்ள வரம் கேட்டு இப்பிடித்தான் சட்டையோட உருண்டாரு. வீட்டுல ஏற்கெனவே அஞ்சு புள்ளைங்க இருக்கையில எதுக்கு வரம்னுதான் எனக்கு வெளங்கல!"