சவரிமுத்து தாத்தாவும் பீரோக் கண்ணாடியும்

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரிய மனிதர் இருப்பார். அவரை இப்போது இருப்பவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவருடைய பெருமைக்கு அதுதான் பாதுகாப்பு. எங்கள் குடும்பத்துப் பெரிய மனிதரை, அக்காவுக்கு மாமனாராக வரப்போகிறவரின் கண்ணெதிரே, ஒரு பீரோக் கண்ணாடியைக் கொண்டு பதவி இறக்கம் செய்தவள் நான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை ஒரு பிடி கூடுதலாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெரிய மனிதர் சவரிமுத்து. என் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் பல்லாவரம் ஸ்டேஷன் மாஸ்டர். அப்பா தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடித்துப் பிடித்து ஜன்னல் சீட்டில் உட்காருவார். பல்லாவரம் வந்ததும் எழுந்து நிற்பார். "தாத்தா ஸ்டேஷன்மா, உக்காந்துகினு போறது மரியாதை இல்ல." அதற்குள் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அப்புறம் கோட்டை வரைக்கும் தாத்தாவின் மரியாதைக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம்.

இந்த ஸ்டேஷன் மாஸ்டரை நம்பித்தான் ஜாய்ஸ் அக்காவின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. அக்கா வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக் கழித்தவள். பொத்தேரியிலிருந்து பிரவீன் வந்த அன்று, யாரும் சொல்லாமலே காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். (அந்தத் தட்டை அதற்குமுன் அவள் தொட்டதே இல்லை. எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்டாள்.) பிரவீனின் அப்பா ஆல்பர்ட் அங்கிள் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சிரித்தால் பென்ஷன் குறைந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் கதையை எடுத்துவிட்ட பிறகுதான் அவர் பிஸ்கட்டையே தொட்டார்.

"அந்தக் காலத்துல நம்மாளுங்கள்ல ஸ்டேஷன் மாஸ்டரா?" என்றார். "கல்லறை எங்க இருக்கு?"

"பல்லாவரத்துலதான் சார். பளிங்குக் கல்லு."

"அப்ப கல்லறைத் திருநாளுக்கு நாங்களும் வரோம். ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு, அங்கயே எங்க முடிவைச் சொல்லிடறோம்."

அவர்கள் படியிறங்கியதும் அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காரணம், அந்தப் பளிங்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் குடும்பத்தோடு போய்ப் பாசமாகச் சுண்ணாம்பு அடிப்போம். மட்டை கொண்டு வறட் வறட்டென்று தேய்ப்போம். முன்னோர்கள்மேல் அவ்வளவு பிரியம். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. கல் உப்புக்கட்டி மாதிரி பொரிந்து, பெயர் இருந்த இடத்தில் தடவினால் ஏதோ குழி தட்டுப்படும், அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா ஒரு பையோடு வந்தார். உள்ளே கம்பி பிரஷ், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு பாட்டில், கறுப்பு பெயிண்ட் டப்பா.

"ஆசிட்டை ஊத்தி ஒரு தேய் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும். மேல பெயிண்டரை விட்டு ஸ்டேஷன் மாஸ்டர்னு கொட்டை எழுத்துல எழுதிடலாம்."

அப்போது நான் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டு, பழைய கல்வெட்டுகளைச் சேதப்படுத்தாமல் படிப்பது எப்படி என்று ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தேன். ஒரே நாள் முகாம். அதிலும் மத்தியானம் பிரியாணி போட்டதால் பிற்பகல் வகுப்பு எனக்கு அவ்வளவாக நினைவில்லை. ஆனால் சான்றிதழை லேமினேட் செய்து, ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். உலகத்துக் கல்லெல்லாம் என்னை நம்பித்தான் நிற்கிறது என்ற நினைப்பு.

"அப்பா, பளிங்கு மேல ஆசிட் பட்டா கல்லே கரைஞ்சிடும். கம்பி பிரஷ் போட்டா இருக்கற எழுத்தும் போயிடும். எழுத்து என்னன்னு தெரியாம பெயிண்ட் அடிக்கறது பொய்க் கையெழுத்து போடற மாதிரி. சாக்பீஸ் கூடாது, மாவு கூடாது, காகிதத்தை வெச்சு அழுத்தித் தேய்க்கவும் கூடாது. நல்ல தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ், பக்கவாட்டுல வெளிச்சம். அது போதும், கல்லே பேசும்."

"கல்லு பேசுதோ இல்லியோ, நீ பேசற," என்றாள் அம்மா.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். நான் முன்கூட்டியே போய்ப் படித்துச் சொல்லிவிட வேண்டும். பெயிண்டர் அந்த வரிகளைத் தனியாக ஒரு பலகையில் எழுதிக் கல்லறைமேல் சாத்தி வைப்பார். முடியாவிட்டால் ஆசிட்தான். அந்த பாட்டில் சமையலறை மேடையில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த ஐப்பசி மழை என்னைக் கேட்டுப் பெய்யவில்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. வெயில் முகத்தைக் காட்டியது கல்லறைத் திருநாள் காலையில்தான். அவர்கள் பூசை முடிந்துதான் வருவார்கள், அதற்குள் படித்துவிடலாம் என்று கிளம்பினேன். தாத்தாவின் கல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. வெயிலைத் திருப்பி அடிக்க ஒரு பெரிய கண்ணாடி வேண்டும். அம்மாவின் கல்யாண பீரோவின் கண்ணாடி பசை விட்டுப்போய்க் கட்டிலுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இம்மாம் பெரிய கண்ணாடிய எடுத்துகினு எங்க போற?"

"கல்லறைக்கு அண்ணா."

முன்னால் திரும்பிக்கொண்டு ஓட்டினார். குரோம்பேட்டை தாண்டியதும், "அங்க யாரு மூஞ்சி பாக்கப் போறாங்கோ?" என்றார்.

நான் போய் இறங்கும்போதே ஆல்பர்ட் அங்கிள் குடும்பம் அங்கே நின்றிருந்தது. அவர்கள் விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு நேராக வந்துவிட்டார்களாம். ரயில்வே மனிதர், நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். பின்னாலேயே என் அப்பா, அம்மா, அக்கா. சுற்றிலும் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் பல்லாவரமே திரண்டிருந்தது.

அறிவுள்ளவர்கள் யாராக இருந்தாலும் கண்ணாடியைச் சுவரோரம் சாத்திவிட்டுச் செபம் சொல்லியிருப்பார்கள். நான் கூட்டத்தைப் பார்த்ததும் குஷியாகிவிட்டேன்.

"அங்கிள், இன்னிக்கு ஒரு விஷயம் காட்டப் போறேன், வாங்க." மண்டியிட்டேன். ஸ்பிரேயரில் தண்ணீர் தெளித்தேன். குழந்தைக்குத் தலை வாருவதுபோல் மெல்லிய பிரஷால் பாசியைத் தள்ளினேன். பிரவீனின் அம்மா கைப்பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார்.

"இதைக் கொஞ்சம் பூசிப் பாரேன்மா, எழுத்து எடுப்பாத் தெரியும்."

"பவுடர் மூஞ்சிக்குத்தான் ஆன்ட்டி. கல்லுல பூசினா இடுக்குல ஈரம் பிடிச்சுக்கும், கல்லு கெட்டுடும்," என்றேன்.

ஆன்ட்டி டப்பாவை மூடிய சத்தம் பக்கத்துக் கல்லறைவரை கேட்டிருக்கும். அக்கா என் இடுப்பில் கிள்ளியது அதைவிட அழுத்தம்.

கண்ணாடியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சும்மா நின்றது மாப்பிள்ளைதான். "பிரவீன், அந்த வெயில்ல நில்லுங்க. கொஞ்சம் சாச்சு, வெளிச்சம் கல்லை உரசிகினு போற மாதிரி." (எனக்குப் பதற்றம் வந்தால் அப்பாவின் பேச்சு வந்துவிடும்.) அவர் சாய்த்தார். வெளிச்சம் தாத்தாமேல் விழுவதற்குமுன், அந்தப் பக்கம் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்த ஃபாதரின் கண்ணில் விழுந்தது. அவர் தெளித்த தீர்த்தம் கல்லறைக்குப் பதிலாக ஆல்பர்ட் அங்கிளின் சட்டையை நனைத்தது.

"யாருப்பா அது?" என்றார் ஃபாதர், கண்ணை மூடிக்கொண்டு.

"சாரி ஃபாதர், கல்வெட்டு ஆராய்ச்சி," என்றேன்.

அதற்குள் வெளிச்சம் கல்லின்மேல் படுத்தது. இன்றைக்குச் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது. வெற்றுப் பளிங்கில் குழியெல்லாம் நிழல் கட்டி, வரிவரியாக எழுத்து எழுந்து வந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்களும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நான் குரலை உயர்த்தினேன்.

"சவரிமுத்து."

அப்பா சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார்.

"பல்லாவரம் ரயில்வே ஸ்டேஷன்."

அப்பாவின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. ஆல்பர்ட் அங்கிள் முதல் தடவையாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த வார்த்தை மங்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். "ச... மை..."

"அது 'மாஸ்டர்' ஷீலா," என்றார் அப்பா. "நல்லாப் பாரு."

"அப்பா, சர்டிபிகேட் வாங்கினது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, முகாமில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வோர் எழுத்தாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் படித்தேன். "சமையற்காரர்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது என் காதில் விழுந்தது.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திடீரென்று தங்கள் சொந்தக்காரர் ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டார்கள். அக்கா என்னைக் கிள்ளக்கூட இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் என் சான்றிதழ், முகாம், பிரியாணி எல்லாம் வெறும் குப்பையாகத் தெரிந்தது.

"ஸ்டேஷன் மாஸ்டர்னுதானே சொன்னீங்க?" என்றார் ஆல்பர்ட் அங்கிள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"சார், பொய் சொல்லல," என்றார் அப்பா. "சின்ன வயசுல இந்தக் கல்லுல ஸ்டேஷன் மாஸ்டர்னு எழுதியிருந்ததை என் விரலால தடவித் தடவிப் படிச்சிருக்கேன் சார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே அதுலதான்."

"கிளம்பலாம்," என்று ஆல்பர்ட் அங்கிள் தன் வீட்டாரிடம் சொன்னார். ஆன்ட்டி பவுடர் டப்பாவோடு கைப்பையை மாட்டிக்கொண்டார். அப்பா பக்கத்திலிருந்த யாரோ ஒரு புண்ணியவானின் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

பிரவீன் மட்டும் நகரவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றார். "அப்பா, ஒரு நிமிஷம். கீழ இன்னும் ஏதோ இருக்கு."

கல்லின் அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. வருடா வருடம் நாங்களே மண் அணைத்து, அதன்மேலும் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்த விளிம்புக்கு மேல் பாதி எழுத்துகளின் தலை தெரிந்தது. அப்பா தேடிய வரி அங்கேதான் இருக்க வேண்டும். என் கை அவசரப்பட்டது. ஆணியால் சுரண்டினால் ஒரே நொடியில் வந்துவிடும். ஆனாலும் கல்லைக் கீறாது என்று பையில் கொண்டுவந்திருந்த ஐஸ் குச்சியை எடுத்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிசிறு பிசிறாகத் தள்ளினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஆல்பர்ட் அங்கிள் வாசலுக்குப் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பாதி வழியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணுக்குள் இருந்த எழுத்து மழை படாமல் நேற்று வெட்டியது மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் சத்தமாகப் படிக்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மண்டியிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி காற்றிலேயே விரலை ஓட்டிப் படித்தார்.

"இவர் கையால் உண்ட... ஸ்டேஷன் மாஸ்டரும்... தொழிலாளிகளும்... வைத்த கல்."

அப்பா மறுபடியும் படித்தார். "ஸ்டேஷன் மாஸ்டர். நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஆல்பர்ட் அங்கிள் வந்து குனிந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியைத் தானும் படித்தார். நனைந்த சட்டையோடு நிமிர்ந்தார்.

"நான் ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் குடுத்தாங்க," என்றார். "கடிகாரம் ஒரு மாசம்கூட ஓடல. இவருக்கு ஸ்டேஷன் மாஸ்டரே நின்னு கல்லு வெச்சிருக்காருன்னா, அது என்ன கை, என்ன சாப்பாடு." மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கல்லின் முன்னால் வைத்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "மத்தியானம் உங்க வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டார்.

அதுதான் அவர் சொன்ன முடிவு.

அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கல்லுக்கு இன்றுவரை ஆசிட்டும் இல்லை, பெயிண்டும் இல்லை. சுண்ணாம்பு மட்டையோடு யார் கிட்டே வந்தாலும் அப்பாவே கையை விரித்து மறிக்கிறார். அந்த வரிகளைப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், சமையற்காரர் என்பதைக் கொட்டை எழுத்தில். மின்சார ரயிலில் பல்லாவரம் வந்தால் அப்பா இப்போதும் எழுந்து நிற்கிறார். "எங்க தாத்தா இங்க சமையல்காரர் சார்," என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்கிறார். இப்போதும் சீட்டு போய்விடுகிறது. நானும் கூட எழுந்து நிற்கிறேன், என்ன செய்ய.

எங்கள் இரண்டு வீட்டிலும் சாப்பாட்டுக்கு இப்போது ஒரே ஒரு பாராட்டுதான். மீன் குழம்பு அமைந்துவிட்டால் ஆல்பர்ட் அங்கிள் விரலை நக்கிவிட்டு, "கல்லு வெக்கலாம்," என்பார். அம்மாவுக்கு வைத்தாகிவிட்டது. அக்காவுக்குப் பலமுறை வைத்தாகிவிட்டது. அந்தத் தாத்தாவின் ரத்தம்தான் எனக்குள்ளும் ஓடுகிறது என்ற நம்பிக்கையில், போன ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் நானே சாம்பார் வைத்தேன். பிரவீன் அத்தான் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, அந்த ஆசிட் பாட்டில் இன்னும் இருக்கா?"