ஆட்டுக்குட்டியும் கட்டிலும்

மகள் ஏஞ்சலின் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு மச்சான் ஆண்டனிராஜ் வரக் கூடாது. பாஸ்கல் முடிவு கட்டிவிட்டார். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று ஆட்டுக்குட்டிக்குப் பயந்து அவர் கட்டில்மேல் ஏறிய கதையை, மச்சான் விசேஷத்துக்கு விசேஷம் மைக் பிடித்துச் சொல்லிவிடுகிறார். பதினாலு வருஷமாக மனிதர் கூனிக் குறுகுகிறார், பாவம்.

விருந்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் ஆண்டனிராஜ் சிறுமலையை விட்டு இறங்க மாட்டார். தினமும் பத்து மணிக்குக் கரண்ட் கட். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓட வைக்கும் யூபிஎஸ்ஸைப் பாஸ்கல் கழற்றி வைத்துவிட்டு, பத்திரிகையை டைப் அடிக்க உட்கார்ந்தார். மனைவி புஷ்பமேரி சொந்தக்காரர் பெயரெல்லாம் சொல்லச் சொல்ல, சேவ் பண்ணாமலே அடித்தார். முன்ஜாமீனாக ஒரு பாடமும் நடத்தினார்.

"இப்ப எல்லாம் ராம்ங்கிற தற்காலிக மெமரில இருக்கு, மேரி. கேசட்டுல அஞ்சாவது பாட்டுக்கு நாலு பாட்டை ஓட்டணும். ராம்ல எந்த இடத்தையும் எடுத்த எடுப்புல தொடலாம்."

"எங்க அண்ணன் மாதிரி. எங்க கேட்டாலும் கதை ரெடியா இருக்கும்."

"ஆனா கரண்ட் போனா அம்புட்டும் அழிஞ்சிரும். ஹார்ட் டிஸ்க்குல சேவ் பண்ணாத்தான் நிக்கும்."

"அப்படியாங்க?" என்றாள் அப்பாவியாக.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கையில் பாஸ்கல் பின்கட்டுக்குப் போய், கண்ணாடி முன் சோக முகத்தை ஒத்திகை பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததுமே கரண்ட் போனது.

"ஐயோ! பூராம் போச்சே மேரி!"

நடிப்பு பிரமாதம்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. "அச்சடிக்கிற பிரஸ்காரர் இப்ப வந்துருவாரு. ஞாபகத்துல இருக்கிறதை அடிக்கிறேன். ஒண்ணு ரெண்டு பேரு விட்டுப்போகும், கோவிச்சுக்காத."

"எதுக்குச் சிரமம்? ஃபைலைத் திறங்க. நீங்க உள்ள போனப்ப நான்தான் சேவ் பண்ணேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நெதம் படிக்க வர்ற பிள்ளைகளுக்கு, சேவ் பண்ணுங்கன்னு தொண்டை கிழியச் சொல்றீங்களே, கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் எஸ்னு. அடுப்படிக்குக் கேக்காதா?"

கல்யாணத்துக்கு முன்பே அவள் தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை பாஸ் என்பது பாஸ்கலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஃபைலைத் திறந்தார். பெயர்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அடியில், அவர் அடிக்காத ஒரு வரியும் இருந்தது.

'வரவேற்புரை: தாய்மாமன் ஆண்டனிராஜ். தலைப்பு: ஆட்டுக்குட்டியும் கட்டிலும்.'