மெல்லத் தொட்டால் போதும்

"உன் அறையில மரங்கொத்தி ஏதாச்சும் வளக்கிறியா?" என்று மாமியார் ஷாயிர்குல் காலைத் தேநீரின்போது கேட்டதும், பெர்மெத் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"பியானோ அத்தை. ஹெட்போன் மாட்டிக்கிட்டுதான் வாசிக்கிறேன்."

"என்னவோ. எனக்கு டக்டக்னு தட்டற சத்தந்தான் கேக்குது."

பிஷ்கெக்கின் அந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து இன்னும் ஒரு பனிக்காலம்கூட முடியவில்லை. ஆசையாகக் கொண்டுவந்தது அந்த டிஜிட்டல் பியானோ ஒன்றைத்தான். அத்தைக்கு அது பிடிக்காமல் போனால், அப்புறம் தன்னைப் பிடிக்காமல் போக எவ்வளவு நேரமாகும்? அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்றே பொத்தான்களைக் குடைந்து, கட்டைகளின் தொடு உணர்வை 'லேசு' என்று மாற்றினாள். மெல்லத் தொட்டாலே முழுச் சத்தம் வரும். ஓங்கித் தட்ட வேண்டாம். யோசனை என்னவோ நல்லதுதான். கைதான் பழைய பழக்கத்தில் ஓங்கி இறங்கிவிட்டது. காதுக்குள் இடி விழுந்ததில் அவள் பின்னால் சாய, முக்காலி கவிழ, ஆப்ரிகாட் ஜாம் பாட்டில்கள் இருந்த அலமாரியோடு சேர்ந்து விழுந்தாள்.

மாமியார் கதவைத் திறந்து ஜாமைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"இதுவும் பியானோதானா?"

ஜாமைத் துடைத்த கையோடு பெர்மெத் தொடு உணர்வையே அணைத்துவிட்டாள். இனி எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். பியானோவின் அடியில் கம்பளி விரிப்பை மடித்துப் போட்டு, நுனிவிரலால் கட்டைகளை அமுக்கினாள். வெளியே ஈ பறந்தால்கூடக் கேட்கும். பாட்டுதான் மாவு மெஷின் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் ஓடியது. போகட்டும், குடும்பம் முக்கியம்.

மாமியாரோ நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்ல அத்தை, வாசிக்கிறேன்."

"ம்," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நிலைமை முற்றிவிட்டது. தேநீர் ஊற்றுவது மருமகளின் வேலை. மாமியார் கெண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி, அவள் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினார். அரைக் கிண்ணம் என்றால் உட்கார்ந்து பேசு. நிறைய ஊற்றினால் எழுந்து போ. இந்த ஊரில் தவழும் பிள்ளைக்கும் அது தெரியும்.

பெர்மெத் சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வேலையிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"நிறையவா?" என்றான் தலாய்.

"மேசைத்துணியில வழிஞ்சுதுங்க."

"அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலையோ என்னமோ."

"ரெண்டாந்தரமும் அப்படியே ஊத்தினாங்க."

"பியானோவை எங்கயாச்சும் தள்ளிரலாம்," என்றான் தலாய்.

மாலையில் மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்து, இருவரும் பியானோவை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழ்வீட்டில் இருப்பவள் மாமியாரின் சிநேகிதி ஸூரா.

"கொஞ்ச நாள் இது இங்க இருக்கட்டும் பெரியம்மா," என்றாள் பெர்மெத் அழாத குறையாக. "அத்தைக்கு இது ஆகல."

ஸூரா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"ஆகலையா? ஹெட்போனைக் கழட்டிட்டு எனக்குக் கேக்கற மாதிரி வாசின்னு மருமககிட்ட வாய்விட்டுக் கேட்டா மாமியார் கெத்து என்னாகும்னுதான் அவ சும்மா இருக்கா. 'கிண்ணத்தை நிறைச்சு, எழுந்து போய் வாசிடின்னு சொல்லியும் பாத்துட்டேன், அந்தப் பொண்ணு பாத்திரம் தேய்க்கப் போயிட்டா'ன்னு இப்பதான் கடைக்குப் போற வழியில இங்க புலம்பிட்டுப் போறா."